தானாக அணையும் பழைய மடிக்கணினி: பழுதுபார்ப்பதா, மாற்றிவிடுவதா?

கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு மாதத்தின் 20-ஆம் தேதி எப்படிப்பட்ட நாள் என்று சொல்லத் தேவையில்லை. 2025 மே மாதம், மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாளான அன்று பிற்பகல், திருச்சியில் அக்னி நட்சத்திர வெயில் கொளுத்திக்கொண்டிருந்த வேளையில், என் மடிக்கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் அணைந்தது. திரை உறைந்து நிற்கவில்லை. நீலத் திரை வரவில்லை. விளக்கின் சுவிட்சைத் தட்டியது போல ஒரே நொடியில் இருள். மீண்டும் இயக்கினேன், இருபது நிமிடத்தில் மீண்டும் அணைந்தது. அது 2018-இல் வாங்கிய இயந்திரம். அதே வாரத்தில் என் மைத்துனர், 2016-இல் வாங்கிய தம் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்கும் அதே கதை. இரண்டையும் ஒரே கடையில் காட்டியபோது, திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிருக்கும் சார், புதுசு வாங்கிடுங்க" என்று ஒரே பதில் வந்தது. அந்தப் பதில் என்னுடையதற்கு முற்றிலும் தவறு என்பதும், மைத்துனருடையதற்கு ஏறக்குறையச் சரி என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இந்த நிலையில் நமக்கு இருக்கும் வழிகள் சிலவே. உள்ளே தூசி தட்டி, புராசசர் சிப்பின் சூட்டை உலோகத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம், கடைக்காரர் "போர்டு" என்று சொன்ன முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டைப் பழுதுபார்க்கலாம், நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கலாம், புதிதாகவே வாங்கலாம். ஒன்றும் செய்யாமல் சமாளித்து ஓட்டுவதும் ஒரு வழிதான், நம்மில் பலர் அதிலேயே ஓராண்டைக் கடத்திவிடுகிறோம். எனக்குச் சொல்லப்பட்ட தொகைகள் 700 ரூபாயில் தொடங்கி 50,000 ரூபாயைத் தாண்டிப் போயின. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது விலைகளை அடுக்கி வைத்து ஒப்பிடுவதால் பயனில்லை. எந்த வழி பொருந்தும் என்பதை இயந்திரம் அணையும் விதமே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. எனவே ஒரு மாலைப் பொழுதை, அது எப்போது அணைகிறது என்று கவனிப்பதற்கென்றே ஒதுக்க வேண்டும். "தானா ஆஃப் ஆகுது, என்னன்னு பாருங்க" என்று ஒப்படைப்பவருக்கும், "சார்ஜரில் எத்தனை மணி நேரமானாலும் ஓடுகிறது, பேட்டரியில் 35 சதவீதத்தில் அணைகிறது" என்று சொல்லி ஒப்படைப்பவருக்கும் வரும் பில் ஒன்றாக இருக்காது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இயந்திரம் இன்னும் இருபது நிமிடமாவது ஓடுகிறது என்றால், அந்த இருபது நிமிடத்தை முதலில் கோப்புகளை வெளியே எடுப்பதற்குப் பயன்படுத்த வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தால் அந்தக் கோப்பு மட்டுமல்லாமல், டேலி போன்ற மென்பொருளில் ஒரு நிறுவனத்தின் கணக்குத் தொகுப்பு முழுவதுமே கெட்டுப்போகலாம். சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய இயந்திரங்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

விண்டோஸ் தன் நாட்குறிப்பை ஈவென்ட் வியூவர் என்ற இடத்தில் எழுதி வைக்கிறது. அதில் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்து, அணைந்த நேரத்தை ஒட்டிய வரிகளைப் படிக்க வேண்டும். கெர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பார்த்ததும் பலர் அதுவே காரணம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது காரணம் அன்று; சென்ற முறை இயந்திரம் முறைப்படி மூடப்படவில்லை என்பதை மறுபடி எழுந்த பிறகு விண்டோஸ் குறித்துக்கொள்வது மட்டுமே. அந்தப் பதிவின் உள்ளே பக்செக் கோடு என்ற ஓர் எண் இருக்கும். அது சுழியமாக இல்லாவிட்டால் நீலத் திரைப் பிழை நடந்திருக்கிறது என்று பொருள். அப்போது தேட வேண்டிய இடம் வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள், நினைவகமான ராம், டிஸ்க். சுழியமாக இருந்தால் பெரும்பாலும் மின்சாரமே அறுந்திருக்கிறது. பதிவு எண் 86 இருந்தால், சூடு எல்லை மீறியதால் விண்டோஸே மூடியது என்று நேராகவே எழுதியிருக்கும். ஆனால் 86 இல்லை என்பதால் சூடு இல்லை என்று முடிவு கட்டிவிடக்கூடாது. வன்பொருளின் பாதுகாப்பு முந்திக்கொண்டு மின்சாரத்தைத் துண்டித்தால், விண்டோஸுக்கு எதையும் எழுத நேரமே கிடைக்காது. 1074 என்ற எண் தென்பட்டால் ஏதோ ஒரு நிரல் கேட்டு, இயந்திரம் ஒழுங்காக மூடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அப்டேட்தான் குற்றவாளியாக இருக்கும். என் இயந்திரத்தில் எட்டு முறை 41-உம், அவற்றுள் இரண்டு முறை அதற்குச் சற்று முன்பாக 86-உம் இருந்தன. மைத்துனருடையதில் வெறும் 41 மட்டும், பக்கம் பக்கமாக.

அடுத்தது மின்சாரச் சோதனை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு சார்ஜரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், சார்ஜர் ஒரு கணம் தொடர்பை விட்டாலும் இயந்திரம் அணையாது; பேட்டரி அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ளும். ஆகவே சார்ஜரில் இருக்கும்போது திடீரென அணையும் இயந்திரத்தில், சார்ஜரோ அதைச் செருகும் துளையோ மட்டும் பழுதாகி இருப்பது அரிது; பேட்டரியும் செத்திருக்க வேண்டும். இந்த இரட்டைப் பழுதைத்தான் கடைகளில் பெரும்பாலும் "போர்டு" என்று பெயர் சூட்டி அனுப்பிவிடுகிறார்கள். செருகியை மெல்ல அசைத்துப் பார்த்தால் சார்ஜ் விளக்கு மினுங்குகிறதா, சிறிது நேரம் ஓடியபின் செருகியின் முனை கையில் சுடுகிறதா என்பவையும் சொல்லும். சார்ஜரை எப்போதாவது மாற்றியிருந்தால் அதன் முதுகில் எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர், அதாவது 65 வாட் கேட்கும் இயந்திரத்துக்கு 45 வாட் சார்ஜர் போட்டால், சாதாரண வேலைக்கு ஈடுகொடுத்துவிட்டு, சுமை ஏறும்போது திணறும்.

நம் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்தடை வந்து இன்வெர்ட்டர் ஏற்கும் அந்தக் கண்ணிமைப்பில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பேட்டரி செத்த மடிக்கணினி, யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினிக்குச் சமம், உடனே அணைந்துவிடும். என் வீட்டில் மாலை நேரத்து அணைவுகளில் பாதி இப்படித்தான் நடந்திருக்கின்றன. பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் வெகுவாகக் குறைகிறது. காசு செலவில்லாத இந்த மருந்தை எந்தக் கடையும் எனக்குச் சொல்லவில்லை.

சூட்டைச் சோதிக்க, புராசசர் சிப்பின் வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஏதேனும் ஒன்று போதும். மடிக்கணினிகளில் வரும் இன்டெல் சிப்புகள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. அதை நெருங்கும்போது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்படியும் அடங்காவிட்டால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். என்னுடையது ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே 71 டிகிரியில் நின்றது. பெரிய எக்செல் கோப்பு ஒன்றையும் பத்துப் பதினைந்து பிரவுசர் தாவல்களையும் திறந்ததும் நான்கே நிமிடத்தில் 98-ஐத் தொட்டது. விசிறி ஓடும் இரைச்சல் நன்றாகக் கேட்டது, ஆனால் காற்று வெளியேற வேண்டிய பக்கவாட்டுத் துளையில் கையை வைத்தால் மூச்சு விடுவது போலக்கூட ஒன்றும் வரவில்லை. மைத்துனருடைய இயந்திரமோ 55 டிகிரியில் அமைதியாக இருக்கும்போதே அணைந்தது. ஒரு நாள் இரண்டு நிமிடத்தில், மறுநாள் இரண்டு மணி நேரத்தில்.

இதற்குப் பிறகும் ஐயம் இருந்தால், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிய பென் டிரைவிலிருந்து இயந்திரத்தை எழுப்பி ஓரிரு மணி நேரம் ஓட விடலாம். அங்கும் அணைந்தால் பழுது விண்டோஸில் இல்லை; அதை மறுபடி நிறுவுவதற்குக் கடைக்காரர் கேட்கும் 500 ரூபாய் மிச்சம். ராம் சோதனையை இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்கலாம். இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் தம் இயந்திரமும் தானாக அணைகிறது என்றார். போய்ப் பார்த்தால், காந்தப் பூட்டுள்ள கைபேசி உறையை விசைப்பலகையின் ஓரத்தில் வைக்கும்போதெல்லாம் அது உறங்கப் போய்க்கொண்டிருந்தது. மூடியை மூடிவிட்டார்கள் என்று உள்ளிருக்கும் காந்த உணரி நம்பிவிடுகிறது. கைபேசியை எடுத்து வைத்ததோடு அந்தப் பழுது தீர்ந்தது.

இனி வழிகளுக்கு வரலாம். இருப்பவற்றில் மிக மலிவானதும், நான்கைந்து ஆண்டு கடந்த எந்த மடிக்கணினிக்கும் எப்படியும் செய்ய வேண்டியதும், உட்புறச் சுத்தமும் தெர்மல் பேஸ்ட் மாற்றமும்தான். ஆனால் இந்த வேலையின் பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. வெளித்துளை வழியாக புளோயரால் காற்றடித்து அனுப்புவது ஒன்று. விசிறியைத் திருகு கழற்றி வெளியே எடுப்பது இன்னொன்று. என் கண்ணெதிரே விசிறியைக் கழற்றியபோது, விசிறிக்கும் அதன் முன்னிருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு தூசிப் பட்டை இருந்தது. விரலால் கிள்ளி எடுத்தால் முழுசாக வந்துவிட்டது. அதை வெளியிலிருந்து எவ்வளவு காற்றடித்தாலும் எடுக்க முடியாது, சில நேரம் இன்னும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். போதாததற்கு, விசிறியைப் பிடித்துக்கொள்ளாமல் காற்றடித்தால் அது தன் வேகத்துக்கு மேல் சுழன்று கெடவும் கூடும். சிப்பின் மேலிருந்த பழைய பேஸ்ட் காய்ந்து, சுண்ணாம்பு போலப் பொடியாக உதிர்ந்தது. ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்து, தகட்டைத் திருகி மூடினார்கள். சும்மா இருக்கும்போது 71-இல் நின்ற சூடு 52-க்கு இறங்கியது. அதே எக்செல் கோப்போடு 83-ஐத் தாண்டவில்லை. கொடுத்தது 700 ரூபாய். விசிறியின் அச்சே தேய்ந்து கரகரவென்று சத்தம் போட்டால் விசிறியையும் மாற்ற வேண்டியிருக்கும், அதுவும் பெரிய செலவன்று. ஆகவே, சூட்டின் அறிகுறி சிறிதளவேனும் இருந்தால் மற்ற எல்லா முடிவுகளையும் இந்த வேலை முடியும் வரை தள்ளிவைப்பதே என் பரிந்துரை.

பேட்டரி விஷயம் இவ்வளவு நேரானதன்று. விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளை மூலம் பேட்டரி அறிக்கை ஒன்றை எடுக்கலாம். அதில் தயாரிக்கும்போது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் அளவும் அடுத்தடுத்து இருக்கும். என்னுடையதில் முதலாவது 41,040, இரண்டாவது 17,600 மில்லிவாட் மணி. அதாவது ஏறத்தாழ 43 சதவீதமே மீதி. ஆனால் அணைவதற்குக் காரணம் கொள்ளளவு குறைந்தது மட்டுமன்று. வயதான லித்தியம் செல்லில் உள்மின்தடை ஏறிவிடுகிறது; சுமை கூடும் தருணத்தில் அதன் வோல்ட்டேஜ் சட்டென்று சரிந்து, திரையில் 35 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே தாங்கும் எல்லைக்குக் கீழே போய்விடும். அதனால்தான் எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிப்பாகம் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள்; அப்போது யோசிக்க இடமில்லை, அன்றே நிறுத்திவிட்டுக் கழற்றியாக வேண்டும்.

மடிக்கணினி நிறுவனத்தின் ஒரிஜினலா, வேறு நிறுவனம் அதே மாடலுக்குப் பொருந்தும்படி செய்த கம்பேட்டிபிளா என்ற கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எனக்கு ஒரிஜினலுக்கு 5,600 ரூபாயும் கம்பேட்டிபிளுக்கு 2,300 ரூபாயும் சொன்னார்கள். வழக்கமாக நான் ஒரிஜினல் கட்சி. ஆனால் அந்த ஒரிஜினல் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது 2020-இல் தயாரித்தது என்றிருந்தது. லித்தியம் பேட்டரி அலமாரியில் இருந்தபடியே வயதாகும் பொருள்; ஐந்து ஆண்டு கிடந்த ஒரிஜினலை அசல் விலைக்கு வாங்குவது, காலாவதியான நல்ல கம்பெனி மருந்தை வாங்குவதற்கு ஒப்பாகும். பழைய மாடல்களுக்கு ஒரிஜினல் என்று கிடைப்பவற்றில் இப்படிப்பட்ட சரக்கு கலந்திருக்கும். எனவே, அண்மைத் தேதியிட்ட ஒரிஜினல் கிடைத்தால் அதையே எடுக்கலாம். கிடைக்காவிட்டால், நடந்து போய்க் கேட்கும் தூரத்தில் உள்ள கடையில், ஓராண்டு வாரண்டியைப் பில்லில் எழுதித் தரும் கம்பேட்டிபிள் மேல். இணையத்தில் இருப்பதிலேயே மலிவாகத் தெரிவதை மட்டும் தவிர்க்க வேண்டும். அவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் செல்லுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. போட்ட பிறகு மறுபடி அறிக்கை எடுத்துப் பார்ப்பதோடு நில்லாமல், முழுதாக ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்து ஓட்டிவிட வேண்டும். 41 வாட் மணி பேட்டரி, சராசரியாக 10 வாட் இழுக்கும் வேலையில் நான்கு மணி நேரத்தை ஒட்டி ஓட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் படுத்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சமாளித்து ஓட்டும் வழியைத் தற்காலிகமாக ஏற்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் புராசசரின் உச்ச அளவை 100-இலிருந்து 99 சதவீதமாகக் குறைத்தால் டர்போ வேகம் நின்று, சூடு கணிசமாக இறங்கும்; அந்த 20-ஆம் தேதி என் தாக்கல்களை முடித்தது இந்தத் தந்திரத்தால்தான். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் அதை வைத்துக்கொண்டு இரண்டாவது மாதத்துக்குப் போகக்கூடாது.

மதர்போர்டு பழுதுபார்ப்புதான் இந்த வழிகளில் எனக்குக் கொஞ்சமும் மனம் ஒப்பாதது. மைத்துனரின் இயந்திரத்தில் வேறு பேட்டரி போட்டுப் பார்த்தோம், வேறு சார்ஜர் மாற்றிப் பார்த்தோம், ராமைக் கழற்றி மாட்டினோம். ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில், இடது கை மணிக்கட்டு வைக்கும் இடத்தைச் சற்று அழுத்தினால் அணைவது தெரிந்தது. போர்டில் எங்கோ ஒரு சால்டர் விட்டிருக்கிறது, அல்லது நூலிழை விரிசல் விழுந்திருக்கிறது. போர்டில் உள்ள சிறு பாகங்களைத் தனித்தனியே பழுதுபார்க்கும் சிப் லெவல் சர்வீஸ் செய்பவர் 6,500 ரூபாய் கேட்டார்; போர்டையே மாற்றினால் 14,000 என்றார், அதுவும் வேறொரு பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய போர்டு. இந்தத் துறையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, எந்த மின்பாதையில் வோல்ட்டேஜ் விழுகிறது என்று அளந்து, ஷார்ட் ஆன ஒரு சிறு கெபாசிட்டரை மட்டும் எடுத்துப் போட்டு இயந்திரத்தை எழுப்பிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி, பழுதடைந்த பாகம் இன்னது என்று சுட்டிக்காட்ட முடிந்தவரிடம் கொடுக்கலாம். சிப்பைச் சூடுபடுத்தி உட்கார வைத்துத் தருகிறேன் என்பவரிடமிருந்து மட்டும் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அந்தச் சூட்டில் உயிர் பிழைப்பவை சில வாரங்களில் பழையபடி படுத்துக்கொள்வதே வழக்கம், வாரண்டி என்று கேட்டால் ஒரு மாதத்துக்கு மேல் வாய் திறக்கமாட்டார்கள்.

இங்கே நான் வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று இருக்கிறது. பழைய இயந்திரத்தில் போடும் பணத்தை, நாளை கழற்றி எடுத்துப் போகக்கூடியது, அதோடு சேர்ந்து போய்விடுவது என்று இரண்டாகப் பிரிக்கிறேன். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி போட்டால், இயந்திரம் செத்தாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு சிறு உறையில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். டிடிஆர்-4 ராமையும் அதே வகை துளையுள்ள இன்னொரு மடிக்கணினிக்கு மாற்றலாம். பேட்டரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அந்த மாடலைத் தவிர வேறெதற்கும் உதவாது, ஆனால் இயந்திரம் ஓடும் வரை அன்றாடம் பயன் தருகிறது. போர்டில் செலவிட்ட 6,500 ரூபாயில் ஒரு காசையும் திரும்ப எடுக்க முடியாது.

இன்னொரு காரணமும் மைத்துனரின் முடிவைத் தள்ளியது. 2016-இல் வாங்கிய அவருடைய இயந்திரத்தில் ஆறாம் தலைமுறை இன்டெல் சிப் இருந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் சிப்புகள் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவதாக அப்போதே அறிவித்திருந்தார்கள். பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். லினக்ஸுக்கு மாற மனமுள்ளவருக்கு இது ஒரு தடையே அன்று. ஆனால் மைத்துனரின் வேலைக்கு வேண்டிய மென்பொருள்கள் விண்டோஸில்தான் ஓடுகின்றன. ஆகவே போர்டைச் சரிசெய்தாலும் அந்த இயந்திரத்துக்கு நாள் குறித்தாயிற்று. என்னுடையது எட்டாம் தலைமுறை என்பதால் இந்தக் கணக்கில் மயிரிழையில் தப்பியது. ஓராண்டு முன்னால் வாங்கியிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து கடை ஏறியிருப்பேன்.

அவருக்கு இருந்தது, பழையதா புதியதா என்ற கேள்விதான். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் கணினிக் கடைகளிலும் ரீஃபர்பிஷ்டு என்று விற்பவற்றில் பெரும்பகுதி, நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கழித்த அலுவலக மாடல்கள். லேட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் போன்ற இந்த வரிசைகள், அதே விலைக்குக் கிடைக்கும் புதிய மலிவு மாடல்களைவிடக் கட்டுமானத்தில் உறுதியானவை. கீல் உடையாது, விசைப்பலகை நன்றாக இருக்கும், அடித்தட்டைத் திறந்தால் விசிறியும் பேட்டரியும் எளிதில் கைக்கு வரும். தூசி தட்டுவதே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று மேலே பார்த்தோமே, அந்த வகையில் இது சிறு சலுகையன்று. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட ஒன்றுக்கு அவரிடம் 17,500 ரூபாய் கேட்டார்கள்.

ஆனால் பழையதை வாங்கப் போகிறவர், தம் பழைய இயந்திரத்தில் கற்ற பாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கடையிலேயே பேட்டரி அறிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஏதேனும் சுமையேற்றி பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைக் காட்டும் இலவச மென்பொருளைப் பென் டிரைவில் வைத்திருக்க வேண்டும். விண்டோஸ் எழுவதற்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைய முடிகிறதா, கடவுச்சொல் கேட்கிறதா என்பதைப் பார்க்காமல் பணத்தை எடுக்கவே கூடாது. விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி, அதன் மின்னஞ்சலால் உள்நுழையச் சொன்னால், அந்த இயந்திரம் இன்னும் பழைய உரிமையாளரின் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை என்று பொருள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது வேண்டாம். மைத்துனர் முதலில் கைவைத்தது அப்படிப்பட்ட ஒன்றுதான். கடைக்காரர் "நெட் இல்லாம போட்டா வராது சார்" என்றார். நெட்டோடு போட்டால் வருகிறது என்பதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

புதியது வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரண்டியும் முழு பேட்டரியும் வேண்டும், ஐந்து ஆண்டு நிம்மதியாக ஓட வேண்டும், கையில் 50,000 ரூபாய் அளவுக்கு இருக்கிறது என்றால் அதுவே நல்லது. கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாங்கும்போது ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டதா, கூட்டிக்கொள்ளத் தனித் துளை இருக்கிறதா என்பதை மட்டும் மறக்காமல் கேட்க வேண்டும். 30,000 ரூபாய்க்குக் கீழே உள்ள புதியவற்றுக்கும் 17,500 ரூபாய் அலுவலக மாடலுக்கும் இடையே என்றால், தயங்காமல் இரண்டாவதையே எடுப்பேன்.

மைத்துனர் இன்னொரு கடையில் 18,000 ரூபாய்க்கு வேறொன்றை வாங்கினார். தம் பழைய இயந்திரத்தின் எஸ்எஸ்டியை உறையில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொண்டார். போர்டையும் திரையையும் அதே கடைக்காரர் உதிரிபாகத்துக்கென்று 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். நான் சுத்தம் செய்ய 700, பேட்டரிக்கு 2,300, ஆக 3,000 ரூபாயோடு நின்றேன். ஜூன் 20-ஆம் தேதி மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது, இயந்திரம் அசையவில்லை.

மீதியிருந்தது அந்தப் பழைய பேட்டரி. அதைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. நசுங்கினாலோ துளை விழுந்தாலோ தீப்பிடிக்கும். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன, ஆனால் தெருமுனைக் கடையில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் அதன் இணைப்பு முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, புதியதை விற்ற கடையிலேயே கொடுத்தேன். பழைய பேட்டரிகளைப் போட்டு வைத்திருந்த அட்டைப் பெட்டியில் கடைக்காரர் அதையும் வைத்தார்; அந்தப் பெட்டியில் வீங்கிப் புடைத்தவை நான்கைந்து ஏற்கெனவே கிடந்தன.